தகட்டில் வெட்டிய தமிழ்

 

சணல் சாக்கின் மேல் ஒரு தகரத் தகட்டை வைக்கிறார்கள். தகட்டில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மயிரைக் கட்டையாக நறுக்கிய உருண்டைத் தூரிகையில் மையைக் கொஞ்சமாகத் தொட்டு, தேய்க்காமல், மேலிருந்து கீழே குத்துகிறார்கள். தகட்டைத் தூக்கினால் ஆலையின் பெயரும் அரிசியின் வகையும் சாக்கில் நிற்கின்றன. மை சற்றுக் கூடினால் போதும், தகட்டுக்கு அடியில் ஊறி எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர் தூரிகையை மையில் தொட்டதும் முதலில் ஒரு பழைய கடதாசியில் குத்திப் பார்த்துக்கொள்வார். அச்சடித்த பைகள் வந்து சேருவதற்கு முன்னால் நெல்லுக்கும் அரிசிக்கும் சீனிக்கும் சீமெந்துக்கும் உலகில் பல இடங்களில் பெயர் விழுந்த வழி இது. கல்லோயாத் தண்ணீரில் விளையும் நெல்லை நம்பி வாழும் ஊர்களுக்கு, சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும், சாக்கும் சாக்கின் மேல் எழுத்தும் புதிதல்ல.

அந்த எழுத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரும்பாலான எழுத்துகள் ஓரிடத்திலோ ஈரிடத்திலோ முறிந்திருக்கும். இன்றைய பேச்சு அந்த முறிவைப் பற்றியது.

முறிவு ஏன் வந்தது? ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தகட்டில் வெட்டுங்கள். வட்டத்தை முழுதாகச் சுற்றி வெட்டியதும் நடுவில் உள்ள தகரம் கழன்று கீழே விழுந்துவிடும். மையைக் குத்தினால் வளையம் வராது, ஒரு கரிய பொட்டுத்தான் வரும். நடுத்துண்டு விழாமலிருக்க அதை வெளித் தகட்டோடு இரண்டு சிறு துண்டுகளால் பிடித்து வைக்க வேண்டும். தொழிலில் அந்தத் துண்டுக்குப் பாலம் என்று பெயர். பாலம் நின்ற இடத்தில் மை விழாது. சாக்கில் நாம் காணும் இடைவெளி, தகட்டில் இருந்த பாலத்தின் தடம். பெருநாள் இரவில் பிள்ளைகளின் கையில் ஒட்டி, மேலே மருதோன்றி பூசி, காய்ந்ததும் உரித்தெடுக்கும் பூ ஒட்டுத்தாளும் இதே முறைதான். இதழுக்கும் இதழுக்கும் இடையே வெறுமையாய் நிற்கும் மெல்லிய கோடு அங்கே பாலம்.

இப்படித் தொழிலின் கட்டாயத்தால் பிறந்த ஒரு வடிவம், பின்னர் தகடே இல்லாத இடத்திலும் அழகுக்காக விரும்பப்பட்டது. அதுதான் ஸ்டென்சில் எழுத்துரு.

அச்சுலகில் இது பெரிதாக நுழைந்த ஆண்டு 1937. அமெரிக்காவில் அந்த ஆண்டு நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், இரண்டு பேர் இரண்டு நிறுவனங்களுக்காக ஒரே எண்ணத்தை எழுத்தாக்கினார்கள். லட்லோ நிறுவனத்துக்கு ராபர்ட் ஹன்டர் மிடில்டன், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்கு ஜெரி பவல். இரண்டுக்கும் பெயர் ‘ஸ்டென்சில்’. இன்று கணினியில் அந்தப் பெயரோடு பரவலாகக் கிடைப்பது பவலின் வழிவந்தது. தடித்த கால்கள், உருண்ட முனைகள், பெரிய எழுத்துகள் மட்டும், சிறிய எழுத்து வரிசை கிடையாது. சரக்குப் பெட்டியில் கண்ட எழுத்தை அவர்கள் ஈயத்தில் வார்த்தார்கள். அச்சில் பாலத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஈய எழுத்தின் நடு எங்கேயும் விழப்போவதில்லை. ஆனாலும் பாலத்தை வைத்தார்கள். பார்ப்பவருக்குப் பெட்டியும் தூரிகையும் துறைமுகமும் நினைவுக்கு வர வேண்டும் என்பதற்காக.

அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறொரு வேர் இருந்தது. பிரான்ஸில் தேவாலயப் பாட்டுப் புத்தகங்களைப் பெரிய அளவில் எழுதுவதற்கு மெல்லிய உலோகத் தகடுகளில் நுட்பமான எழுத்துகளை வெட்டினார்கள். 1781இல் பெஞ்சமின் பிராங்ளின் பாரிஸில் பெரி என்ற கைவினைஞரிடம் அப்படியொரு தகட்டுத் தொகுதியை வாங்கினார். அவை முரட்டு எழுத்துகள் அல்ல. மெல்லிய கோடும் வளைவும் கொண்ட, புத்தகத்துக்கு ஏற்ற எழுத்துகள். ஸ்டென்சில் என்றாலே தடித்தது, பட்டாளத்தது என்ற எண்ணம் வெகு பிந்தியது என்பதற்கு இது சான்று. 1920களில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் யோசெஃப் ஆல்பர்ஸ் சதுரம், முக்கோணம், கால்வட்டம் ஆகிய மூன்று துண்டுகளை அடுக்கியே முழு அகரவரிசையையும் அமைத்தார். துண்டுகளுக்கிடையே விட்ட வெளிதான் எழுத்தைச் செய்தது. 1929இல் பவுல் ரென்னர் ‘ஃபியூச்சுரா பிளாக்’ என்ற எழுத்தில் அந்தப் போக்கைச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்தார். இவை எல்லாம் ரோமன் எழுத்தின் கதை.

இலங்கைக்கு வந்தால் முதலில் நிற்பது தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையில் அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்து, ஓரங்களில் தகரப் பட்டி அறைந்த அந்தப் பெட்டியின் முகத்தில் தோட்டத்தின் பெயர், தேயிலைத் தரம், சரக்கு இலக்கம், மொத்த எடை, வெற்றெடை, நிகர எடை எல்லாம் தகடு வைத்தே பதிக்கப்பட்டன. பெட்டி கொழும்புத் துறைமுகத்தைத் தாண்டி இலண்டன் ஏலத்துக்குப் போனாலும் எந்த மலையில் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அந்த எழுத்தே சொல்லும். கொழுந்து பறித்தும் பெட்டி சுமந்தும் உழைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். பெட்டியின் மேல் இருந்தது ஆங்கிலம். தகட்டில் தமிழ் வெட்டும் பழக்கம் ஊர் மட்டத்தில், சாக்கிலும் சுவரிலும் வள்ளத்திலும் தனியே வளர்ந்தது. அதை யாரும் அகரவரிசையாகத் தொகுத்து வைத்ததாகத் தெரியவில்லை. கை பழகியவரின் கண்ணளவில் நின்றது, அவரோடு போனது.

நடுவயது தாண்டியவர்களுக்கு ஸ்டென்சில் என்ற சொல்லே வேறொன்றை நினைவூட்டும். ரோனியோ. பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சை வினாத்தாள், சங்கத்தின் கூட்ட அறிவித்தல், இளைஞர்கள் கூடிக் கொண்டுவந்த சஞ்சிகை, எல்லாம் மெழுகு பூசிய தாளில் தட்டச்சால் வெட்டி உருளையில் சுற்றி எடுத்தவை. 1881இல் டேவிட் கெஸ்டட்னர் தொடக்கி வைத்த வரிசையில் வந்த இயந்திரங்கள் அவை. தட்டச்சின் விசையை ஓங்கி அடித்தால் மூடிய வளைவுள்ள எழுத்தின் நடுத்தாள் பிய்ந்து விழுந்துவிடும். அந்த எழுத்து வினாத்தாளில் மைக்குண்டாக வரும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த இரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் அமைத்துத் தந்ததால் தமிழ் எழுத்துக்கும் அந்தத் தாளில் இடம் கிடைத்தது, அந்தச் சிக்கலும் சேர்ந்தே வந்தது. மெழுகுத் தாளில் பாலம் வைக்க வழியில்லை. அடிக்கும் விரலின் மென்மைதான் அங்கே பாலம்.

இனிச் சுவருக்கு வருவோம். கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பு வீதியிலும் அரச சுவர்களில் காணும் ஓர் அறிவிப்பு உண்டு. விளம்பரம் ஒட்டாதீர் என்று மூன்று மொழியிலும் தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். எத்தனையோ ஆண்டுகளாக இந்த நாட்டில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தூரிகையில், ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் அருகருகே நின்ற இடம் அது. கொழும்பைச் சேர்ந்த ‘மூனியாக்’ எழுத்துருக் குழு அந்தச் சுவர் அறிவிப்பையே பெயராக வைத்து ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்ற எழுத்துருவைச் செய்தது. அதில் இரண்டு குடும்பங்கள். சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தது ‘கொழும்பு’, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது ‘யாழ்ப்பாணம்’. ஒடுங்கிய, நிமிர்ந்த உடல். மெல்லியதில் தொடங்கித் தடித்தது வரை பல எடைகள். கட்டணமின்றி யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். பின்னர் இதன் சிங்கள, ஆங்கிலப் பகுதி ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்ற பெயரில் கூகுள் எழுத்துருத் தொகுப்பிலும் இடம்பெற்றது.

இது ஒரு பெரிய காரியம். ரோமன் எழுத்தின் வெட்டைத் தமிழின் மேல் திணிக்காமல், சுவரில் ஏற்கனவே இருந்த தமிழைப் பார்த்து எழுத்து செய்யலாம் என்று இலங்கையிலிருந்தே ஒரு குழு காட்டியிருக்கிறது. கணினியில் தடித்த தமிழ் எழுத்து வேண்டுமென்றால் உடனே வெளிநாட்டு மாதிரியைத் தேடும் வடிவமைப்பாளர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

தமிழை வெட்டுவது எளிதல்ல. ‘கல்முனை’ என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய எக்ஸ்ரே தாளில் தடித்த எழுத்தில் வரைந்து, கத்தியால் வெட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? ககரத்தின் இடது வயிறு மூடியது. பாலம் இல்லாவிட்டால் விழுந்துவிடும். லகரத்தின் சுழியும் மூடியது, அதுவும் விழும். மேலே உள்ள புள்ளிக்கு எந்தக் கவலையும் இல்லை, அது வெறும் துளை. ஆனால் சிலர் கையெழுத்துப் பழக்கத்தில் புள்ளியைச் சிறு வளையமாகப் போடுவார்கள். தகட்டில் அந்த வளையத்தின் நடு நிற்கவே நிற்காது. தகட்டெழுத்தில் புள்ளி நிறைந்த புள்ளியாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து மகரம், அதன் வலப்பக்க வயிறு மூடியது. உகரத்துக்காகக் கீழே இறங்கும் கொம்புக்குத் தாளில் தனி இடம் விட வேண்டும், வரியின் உயரம் அங்கே கூடும். கடைசியில் ‘னை’. ஐகாரக் கொம்பில் சுழி, னகரத்தில் சுழி. ஒரே ஓர் ஊர்ப் பெயரில் ஆறேழு பாலங்கள். இதே தாளில் ‘படர்’ என்று வெட்டிப் பாருங்கள். பகரமும் டகரமும் ரகரமும் திறந்த எழுத்துகள். ஒரு பாலம்கூட இல்லாமல் முழுச் சொல்லும் நிற்கும்.

பாலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். ஆங்கில ‘ஓ’வுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நேர்க்கோட்டில் வைத்தால் வேலை முடிந்தது. அதே கணக்கைத் தமிழில் வைத்தால் எழுத்து மாறிப்போகும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடு சுழிகளின் எண்ணிக்கை. சுழிகள் சேரும் இடத்தில் பாலம் விழுந்தால் தூரத்தில் நிற்பவருக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரிப்பது அடியில் சாய்ந்து இறங்கும் சிறு வால். பாலம் அந்த வாலை விழுங்கினால் ‘ர’ துணைக்காலாகிவிடும், சொல்லே தடுமாறும். எழுதும்போது பேனா எங்கே திரும்புகிறதோ அதற்குச் சற்று முன்னோ பின்னோ, கோடு நேராக ஓடும் பகுதியில் வெட்டுவதுதான் நல்லது. திருப்பத்தில் வெட்டக் கூடாது. திருப்பம் எழுத்தின் அடையாளம்.

தடிமனுக்கும் ஒரு காரணம் உண்டு. மெல்லிய கோட்டை வெட்டினால் தூரிகை மயிர் உள்ளே போகாது, மை ஓரத்தில் தேங்கி அடைத்துக்கொள்ளும். சாக்கின் இழையும் சுவரின் கரடும் மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். கோடு தடித்தால் பாலமும் அதற்கேற்ற அகலத்தில் நிற்கலாம். பாலம் மிக ஒடுங்கியிருந்தால் இரண்டு முறை பயன்படுத்தியதும் வளையும், மையில் மூடும். மிக அகன்றால் எழுத்து தனித்தனித் துண்டாகிப் படிப்பவர் கண்ணில் சேராது. கோட்டின் தடிமனில் மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று கண்ணால் அளந்து தொடங்கி, பத்தடி தள்ளி நின்று பார்த்துத் திருத்துவது நல்ல முறை.

இனி எங்கே பயன்படுத்தலாம் என்ற கேள்வி. கல்முனை வீதியில் புதிதாக எழும் வீடுகளின் இரும்புக் கேற்றைப் பாருங்கள். இரும்புத் தகட்டில் கணினி இயந்திரத்தால் வெட்டிய பூக்கொடி, பிறை, அரபு எழுத்து, வீட்டுப் பெயர். அங்கே மையே இல்லை, வெட்டிய வெளியில் வானம் தெரியும். ஆனால் சட்டம் அதே சட்டம். தமிழ்ப் பெயரைச் சாதாரண எழுத்துருவில் கொடுத்தால் இயந்திரம் வெட்டும்போதே வயிறுகள் கழன்று பட்டறைத் தரையில் விழும். அவற்றைப் பின்னர் கம்பி வைத்து ஒட்ட வேண்டியிருக்கும், அந்த ஒட்டு எழுத்தின் எந்த இடத்தில் வரும் என்பது வெல்டிங் செய்பவரின் வசதியைப் பொறுத்தது. முதலிலேயே பாலம் வைத்த எழுத்துருவைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தகட்டெழுத்து இன்று அலங்காரமாக அல்லாமல் தேவையாக இருக்கும் இடம் இதுதான். ஊரில் இதற்கு இருக்கும் வேலை வாய்ப்பை எழுத்துக்கலை பயிலும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கடற்கரை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மணலில் ஏற்றி வைத்த பைபர் படகுகளின் பக்கத்தில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கும் பதிவிலக்கத்தைக் காணலாம். பலநாள் படகென்றால் ஐ.எம்.யு.எல். அந்த இலக்கம் தூரத்திலிருந்து தெரிந்தாக வேண்டியது, உப்புக் காற்றில் நிற்க வேண்டியது, மங்கியதும் அதே அளவில் மறுபடி எழுதப்பட வேண்டியது. மூன்று தேவைக்கும் தகடு ஏற்றது. ஒருமுறை வெட்டிய தகடு அடுத்த ஆண்டும் அதே இலக்கத்தை அதே உயரத்தில் தரும். இலக்கத்துக்குப் பக்கத்தில் படகுக்கு வைத்த தமிழ்ப் பெயரையும் அதே தகட்டுப் பாணியில் எழுதினால் படகின் உடல் முழுவதும் ஒரே கையால் எழுதியதாகத் தெரியும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கும் இது பொருந்தும். நெய்த ஊரின் பெயரைத் தடித்த தகட்டெழுத்தில் இரண்டே சொல்லாகப் பதித்த ஓர் அட்டை, பளபளப்பான பல வண்ண ஒட்டுத்தாளைவிடத் துணியோடு நெருங்கியிருக்கும். கையால் நெய்த பொருளுக்குக் கையால் பதித்த எழுத்து.

சுவரொட்டியில் ஒரு சொல், மிஞ்சினால் மூன்று சொல். நூலின் அட்டையில் தலைப்பு. விளையாட்டுக் கழகத்தின் சட்டை முதுகில் இலக்கம். பொதுக் கூடங்களில் வழிகாட்டும் அம்புக்குறியோடு நிற்கும் பெயர். இங்கெல்லாம் தடித்த ஸ்டென்சில் எழுத்து வலிமையாக நிற்கும். ஆனால் பந்தி பந்தியாகப் படிக்க வேண்டிய உரைக்கு இது கூடவே கூடாது. எழுத்துகள் முறிந்திருக்கும்போது கண் ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பத்து வரியில் களைத்துவிடும். விரல் நகத்தளவுக்குச் சுருக்கினால் பாலங்கள் மூடிக் கறையாகிவிடும். கைத்தொலைபேசித் திரையில் வரும் அறிவித்தலுக்கு இதைப் போடுவது வாசகருக்குச் செய்யும் கொடுமை. கல்யாண அழைப்பிதழுக்கும் ஜனாஸா அறிவித்தலுக்கும் இதைத் தொடவே வேண்டாம். அங்கே எழுத்து மென்மையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். உலகில் வேறு பல இடங்களில் ஸ்டென்சில் எழுத்து பட்டாளத்தை நினைவூட்டுவதைச் சாகசமாக எடுத்துக்கொள்வார்கள். திரைப்படச் சுவரொட்டியும் கணினி விளையாட்டும் அப்படித்தான் அதைப் பயன்படுத்துகின்றன. கிழக்கு மாகாணத்தில் நீண்ட காலப் போரைக் கண்டவர்களுக்கு அந்தக் கரும்பச்சையும் அந்த முறிந்த வெள்ளை எழுத்தும் சோதனைச் சாவடியையும் அடையாள அட்டையை நீட்டி நின்ற வரிசையையும் நினைவுக்குக் கொண்டுவரும். ஆகவே இங்கே வடிவமைப்பவர் நிறத்தைக் கவனிக்க வேண்டும். அதே எழுத்தைக் கடல் நீலத்திலோ செங்கல் நிறத்திலோ சாக்கின் பழுப்பின் மேல் கருப்பிலோ போட்டால் அது துறைமுகத்துக்கும் ஆலைக்கும் தறிக்கும் திரும்பிவிடும். எழுத்து ஒன்றுதான். அது எந்த நினைவைத் தொடுகிறது என்பதை நிறமும் இடமும் முடிவு செய்கின்றன.

பள்ளிவாசல் எழுத்துக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு சொந்தம் உண்டு. துருக்கியில் உஸ்மானியர் காலத்துப் பெரிய பள்ளிவாசல்களில் கல்லிலும் குவிமாடத்திலும் காணும் பேரளவு அரபு எழுத்துகளை எழுத்தாசான் முதலில் தாளில் எழுதுவார். பிறகு எழுத்தின் ஓரம் நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அந்தத் தாளைச் சுவரில் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். துளை வழியே விழுந்த புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு கல்தச்சர் செதுக்குவார், வர்ணம் தீட்டுபவர் தீட்டுவார். எழுதியவர் வேறு, பதித்தவர் வேறு. ஆனால் எழுத்து மாறாமல் போய்ச் சேர்ந்தது. அந்த மூலத்தாள்களைத் துருக்கியில் இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள். மறுபடி எப்போது தேவைப்பட்டாலும் அதே எழுத்தை அதே அளவில் எடுக்க முடியும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? பழைய அரிசி ஆலையின் மூலையில், வர்ணக் கடையின் மேல்தட்டில், ஓய்வுபெற்ற போர்ட் ஓவியரின் பெட்டியில், கறுத்து வளைந்த தகரத் தகடுகள் இன்னும் கிடக்கக்கூடும். பழைய இரும்புக்காரர் வண்டியில் எடையாகப் போவதற்கு முன்னால் அவற்றைத் தேடுங்கள். மையைத் தின்னரில் கழுவி, வெள்ளைத்தாளில் ஒரு பிரதி எடுத்து, அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடியுங்கள். யார் வெட்டியது, எந்தச் சாக்கில், எந்தச் சுவரில் பதித்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அதன் பின்னால் எழுதி வையுங்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் ஊர்ப் பாடசாலைகளிலும் பயிலும் மாணவர்களே, அந்தத் தகடுகளிலிருந்து அகரம் முதல் னகரம் வரை ஒரு முழு வரிசையை நீங்களே வரையுங்கள். யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு தகட்டெழுத்து வந்துவிட்டது. கல்முனையின் பெயரிலும் ஒன்று வரட்டும்.